எல்லா மாதமும் ஏதாவது நிறம் இருக்க என்ன செடி வைத்தீர்கள்? நடந்ததைச் சொல்லுங்கள்

மாடி டீச்சர் (மதுரை):

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் போனேன். டேலியா, பெட்டூனியா, மஞ்சள் சாமந்தி, ஊதாவில் டிசம்பர் பூ என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்ததில் 14 தொட்டி சேர்ந்துவிட்டது. ஏற்றி வந்த ஆட்டோக்காரர், "என்னம்மா, வீட்டுல விசேஷமா?" என்று கேட்டார். மாசி வரைக்கும் எங்கள் மாடியில் விசேஷம்தான். எதிர்வீட்டு அக்கா படமெடுத்து அவர் தங்கைக்கெல்லாம் அனுப்பினார்.

பங்குனி வெயில் ஏறியதும் பெட்டூனியா ஒரே வாரத்தில் வைக்கோல் ஆனது. டேலியா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. டிசம்பர் பூவும் சாமந்தியும் உயிரோடு இருக்கின்றன, ஆனால் வெறும் இலை. இப்போது ஆனி மாதம். மாடிக்குப் போனால் தொட்டிகளை எண்ணிவிட்டு இறங்கி வருகிறேன்.

தப்பு என்னுடையதுதான். அன்றைக்குப் பூத்திருந்ததை மட்டும் பார்த்து வாங்கினால் அத்தனையும் ஒரே பருவத்துச் செடியாகத்தானே இருக்கும்? பூக்காத செடியை எந்த நர்சரிக்காரரும் முன்வரிசையில் வைக்க மாட்டார். பணம் போன பிறகு வந்த ஞானம் இது.

செங்காந்தள் ஒன்றும் வைத்திருந்தேன். ஐப்பசியில் தீ எரிகிற மாதிரிப் பூத்தது. மார்கழியில் கொடி காய்ந்து விழுந்தது. செத்துவிட்டது என்று தொட்டியைக் கொல்லையில் கவிழ்த்துவிட்டு அதே தொட்டியில்தான் பெட்டூனியா வைத்தேன்.

உங்கள் வீட்டில் எது எந்த மாதம் கைகொடுத்தது, எது காலை வாரியது? கடைக்காரர் சொன்னது வேண்டாம். உங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்.

ஏரிக்கரைவாசி (சென்னை, பள்ளிக்கரணை):

டீச்சர், உங்கள் சாமந்தியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

நாலு தொட்டி சாமந்தி. இரண்டு வருடம் கார்த்திகை தவறாமல் பூத்தது. மூன்றாம் வருடம் மூன்று தொட்டியில் இலை மட்டும் செழித்தது, ஒரு மொட்டுகூட இல்லை. உரம் மாற்றினேன், மண் மாற்றினேன், மனைவியின் பேச்சையும் கேட்டு முட்டை ஓடு போட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுக்கி வைத்திருந்த நாலாவது மட்டும், கவனிப்பே இல்லாமல், கொத்துக் கொத்தாகப் பூத்து நின்றது. ஒரு ராத்திரி துணி எடுக்க மாடிக்குப் போனபோதுதான் புரிந்தது. தெருவில் புதிதாகப் போட்ட எல்.இ.டி. விளக்கு அந்த மூன்று தொட்டியின் மேலும் பட்டப்பகல் மாதிரி அடிக்கிறது.

சாமந்தி இருட்டைக் கணக்குப் பார்க்கும் செடி. இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். நடுவில் வெளிச்சம் பட்டால் இன்னும் கோடை என்று நினைத்துக்கொண்டு இலை விட்டுக்கொண்டே இருக்கும். பசுமைக்குடிலில் வளர்ப்பவர்கள் இதையே வேண்டுமென்று செய்வார்கள்: ராத்திரி பல்பு போட்டுப் பூப்பதைத் தள்ளிப்போட்டு, விலை வரும் நாளுக்குப் பூக்க வைப்பார்கள். பாயின்செட்டியா மேல் இலைகள் சிவப்பதும் இப்படித்தான். தொட்டிகளை அந்த விளக்கு படாத இடத்துக்கு நகர்த்தினேன். அடுத்த வருடம் நாலும் பூத்தன.

இன்னொன்று. உங்களுக்கு எதிரி வெயில். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. பெயருக்கு நித்தியகல்யாணி, இரண்டு நாள் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிக் கல்யாணம் முடிந்துவிடும். அடினியமும் அப்படியே. அந்த மாதங்களில் என்னைக் காப்பாற்றுவது மழை லில்லி. நல்ல மழை பெய்து நாலைந்து நாளில் ரோஸ் நிறத்தில் வரிசையாக எழுந்து நிற்கும். வெயில் காலம் முழுக்கப் புல் மாதிரிக் கிடக்கும், பிடுங்கிவிடாதீர்கள். நான் ஒருமுறை பிடுங்கினேன்.

பூவையே நம்பாமல், இலையே நிறமாக இருக்கும் குரோட்டன்ஸ் நாலு, கோலியஸ் இரண்டு வைத்துக்கொண்டால் நடுவில் வரும் வெற்று நாட்கள் தெரியாது.

தாமிரபரணித் தண்ணி (திருநெல்வேலி):

டீச்சருக்கு வேண்டியது பத்துமணிப் பூ. டேபிள் ரோஸ் என்றும் சொல்வார்கள். ஒரு கைப்பிடி தண்டு பக்கத்து வீட்டில் சும்மா வாங்கி உடைத்து ஊன்றினேன், அவ்வளவுதான். அக்னி நட்சத்திரத்தில் ஊரே சுருண்டு படுத்திருந்தபோது சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை எல்லாம் ஒரே பரப்பில் விரிந்திருந்தது. வெயில் ஏறினால்தான் கண் திறக்கும், மதியத்துக்கு மேல் மூடிக்கொள்ளும். ஆபீஸ் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும், அது ஒரு குறை.

அப்புறம் காகிதப்பூ. தினமும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். முள்ளும் இலையுமாக மூன்றடி ஏறியது, நிறம் வரவில்லை. சித்திரையில் மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போய் 12 நாள் கழித்து வந்தால் இலை பாதி உதிர்ந்து செடி முழுக்க ராணி நிறம். காயவிட்டால்தான் பூக்குமாம். இத்தனை நாள் அன்பால் கெடுத்திருக்கிறேன். அந்த ராணி நிறம் பூவே கிடையாது, பூவைச் சுற்றியுள்ள செதில் இலை. உண்மையான பூ நடுவில் வெள்ளையாகக் குட்டியாக இருக்கும். அதனால்தான் இத்தனை வாரம் வாடாமல் நிற்கிறது.

பனிக்காடு (உதகை):

சமவெளிக்காரர்கள் வெயிலைத் திட்டுகிறீர்கள், நாங்கள் அதற்கு ஏங்குகிறோம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் காலையில் புல்வெளி உப்புக் கொட்டின மாதிரி இருக்கும். வெயில் பட்டதும் செடி கருகிப்போகும். பனி கருக்குகிறது என்று கீழே சொன்னால் நம்ப மாட்டார்கள். தாவரவியல் பூங்காவில் அந்த நாட்களில் நாற்றுகளின் மேல் கோத்தகிரி மிலார் செடிகளைப் பந்தல் மாதிரி நட்டு மறைப்பார்கள். அதைப் பார்த்து நானும் வீட்டில் மிலார் கிளை குத்தினேன், பாதிக்குப் பாதி பிழைத்தது.

எங்கள் வாசலில் ஹைட்ரேஞ்சியா நல்ல நீலம். ஈரோட்டில் இருக்கும் என் நாத்தனார் ஆசைப்பட்டுத் தொட்டியோடு கொண்டுபோனார். அடுத்து வந்த ஒரே கொத்து வெளிறிய ரோஸ். "மாத்திக் கொடுத்துட்டீங்களா அண்ணி?" என்று போனில் சண்டை. எங்கள் மலை மண் புளிப்பு, அதனால் நீலம். அவர் ஊற்றியது உப்புத் தண்ணீர், அது மண்ணின் புளிப்பை முறித்துவிட்டது. அதற்கு மேல் அந்தச் செடி ஈரோட்டு வெயிலைத் தாங்கவில்லை. செடி போனது போகட்டும், பேச்சுவார்த்தை திரும்ப இரண்டு மாதம் ஆனது.

உப்பங்கழி (வேதாரண்யம்):

டீச்சரம்மா, உங்கள் செங்காந்தள் செத்திருக்காது. தூங்கியிருக்கும். எங்கள் பக்கம் அதைக் கண்வலிக்கிழங்கு என்று வயலிலேயே போடுவோம், விதைக்காக. ஆனி, ஆடியில் கிழங்கு ஊன்றினால் புரட்டாசி, ஐப்பசியில் பூ, தை மாசிக்குள் கொடி காய்ந்துவிடும். அதன் வழக்கமே அது. அடுத்த ஆனி வரை மண்ணுக்குள் கிடக்கும். பூக்கிற நாட்களில் காலையில் வரிசையாகப் போய் ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் தொட்டு வைப்போம். அப்போது பார்க்க வேண்டும்: இன்று விரிந்தது பச்சை மஞ்சள், நேற்றையது ஆரஞ்சு, அதற்கு முந்தையது ரத்தச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நாள் தெரியும்.

கிழங்கு, இலை, விதை எல்லாமே விஷம். சின்னப் பிள்ளைகள், ஆடு மாடு இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், தொட்டால் கை கழுவுங்கள்.

நிறம் என்று கேட்டீர்கள், நான் வெள்ளையைச் சொல்கிறேன். குண்டுமல்லியைக் கார்த்திகையில் கவாத்து செய்தால் பங்குனியிலிருந்து கோடை முழுக்கப் பூ. முல்லையைத் தையில் வெட்டுவோம். அது கோடையில் தொடங்கி மழைக்காலம் வரை கொடுக்கும். வெட்ட மனசு வராது. என் மருமகள் பாவம் பார்த்து ஒரு வருடம் வெட்டாமல் விட்டாள். கொடி கூரைக்கு ஏறியது, பூ எண்ணி இருபது.

வீட்டுக்கு முன்னால் இடம் இருந்தால் ஒரு புங்கமரம் வையுங்கள். பங்குனியில் அதன் தளிர் மினுக்குவதற்கு எந்தப் பூவும் ஈடில்லை. மாந்தளிரும் அப்படித்தான், அந்தச் செம்பு நிறம் ஒரு வாரம்தான் இருக்கும். யாரும் நர்சரியில் போய் தளிருக்காக மரம் கேட்பதில்லை.

மாடி டீச்சர் (மதுரை):

எல்லோருக்கும் நன்றி. ஏரிக்கரை சார், எங்கள் மாடியில் விளக்கு விழாது, பார்த்துவிட்டேன். சாமந்தி ஐப்பசி வரை நேரம் கேட்டிருக்கிறது, கொடுத்திருக்கிறேன். பழைய தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் 12 கட்டம் போட்டு நீங்கள் சொன்னதையெல்லாம் கலர் பென்சிலில் குறித்தாயிற்று. புரட்டாசிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது, அந்த மாதத்துச் செங்காந்தளைத்தான் கவிழ்த்துவிட்டேனே. இனி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நர்சரி, ஒரு முறைக்கு இரண்டு செடிதான். என் கை என் பேச்சைக் கேட்குமா என்பது வேறு விஷயம்.

உப்பங்கழி ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்த கையோடு கொல்லைக்குப் போனேன். தென்னை மரத்தடியில் கொட்டின மண் மேட்டைக் கிளறினால் கலப்பை மாதிரி வளைந்து இரண்டு கவையாக ஒரு கிழங்கு. ஒரு கவையின் நுனி ஒடிந்திருந்தது, என் கொத்துக்கம்புதான். இன்னொன்றில் நெல்மணி அளவுக்கு வெள்ளையாக முளை. தொட்டியில் ஊன்றிவிட்டேன். ஒடிந்த பக்கம் முளைக்குமா?

உப்பங்கழி (வேதாரண்யம்):

நுனி போனால் அந்தப் பக்கம் வராது அம்மா. இன்னொரு பக்கம் போதும். பக்கத்தில் இப்போதே ஒரு குச்சி நட்டு வையுங்கள். அதற்கு ஏறக் கொம்பு வேண்டும், இலை நுனியாலேயே சுற்றிப் பிடித்துக்கொள்ளும்.