நண்டு நெபுலாவை நேரில் பார்த்தவர்கள் உண்டா?

மொட்டைமாடி:

வெடித்துப் போன விண்மீன்களின் மிச்சத்தைக் கண்ணால் பார்த்தவர்கள், காதால் கேட்டவர்கள் இங்கே எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

பெட்டியின் மேல் அச்சடித்திருந்த படத்தை நம்பித்தான் தொலைநோக்கி வாங்கினேன். சிவப்பும் பச்சையும் நீலமுமாக, பிய்த்துப் போட்ட நூல் மாதிரி நண்டு நெபுலா. அது ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம் என்பது காசு கொடுத்த பிறகுதான் தெரிந்தது. என்னுடையது ஆறு அங்குல டாப்சோனியன், கையால் திருப்பும் வகை. வீட்டு மாடியில் மூன்று இரவு தேடியும் கிடைக்கவில்லை. தெருவிளக்கு விடவில்லை. அப்புறம் ஜனவரி அமாவாசையை ஒட்டி, நண்பன் காரில் ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போனோம். காவலூர் வானாய்வகம் இருக்கும் அதே மலைதான். ஆலங்காயத்தைத் தாண்டி, ஒரு கொல்லை ஓரமாக இறக்கி வைத்தோம்.

ரிஷபத்தின் தெற்குக் கொம்பு நுனியில் ஜீட்டா டாரி என்று ஒரு விண்மீன். அதிலிருந்து வடமேற்கே இரண்டு முழுநிலா அகலம் நகர்ந்தால் போதும். சொல்வது சுலபம். அந்த நேரத்தில் ரிஷபம் உச்சியில் நிற்கும். உச்சியை நோக்கித் திருப்பிவிட்டால் டாப்சோனியன் சொன்ன பேச்சைக் கேட்காது. முக்கால் மணி நேரம் போனது.

கடைசியில் கிடைத்தது, கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அப்படி ஒரு சாம்பல் கறை. நண்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "லென்ஸைத் துடைடா" என்றான். துடைத்தேன். கறை போகவில்லை. நேராக உற்றுப் பார்த்தால் மறைகிறது. பார்வையைக் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளினால் திரும்பி வருகிறது. மங்கல் வெளிச்சத்துக்கு விழித்திரையின் ஓரம்தான் கூர்மை. நிறமெல்லாம் சுத்தமாகக் கிடையாது.

ஏமாற்றம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. 1054 ஜூலை 4-ஆம் தேதி சீனர்கள் "விருந்தாளி விண்மீன்" என்று குறித்து வைத்தது இது வெடித்ததைத்தான். 23 நாள் பட்டப்பகலிலேயே தெரிந்திருக்கிறது. இங்கே சோழர்கள் ஆண்டுகொண்டிருந்த காலம். அன்று வெடித்துச் சிதறிய வாயு இன்னும் நொடிக்கு ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் வேகத்தில் விரிந்துகொண்டே இருக்கிறது. 6,500 ஒளியாண்டு தள்ளி இருப்பதால் எனக்கு அசையாத கறை.

நடுவில் மிஞ்சிய நியூட்ரான் விண்மீன் என் கருவிக்கு எட்டாது. சூரியனைவிட எடை அதிகம், ஆனால் தாம்பரத்திலிருந்து சென்ட்ரல் வரைக்கும் உள்ள தூரத்துக்குள் அடங்கிவிடும் உருண்டை. அது நொடிக்கு 30 தடவை சுற்றுகிறது. துணி பிழியும் வாஷிங் மெஷின்கூட அவ்வளவு வேகம் போகாது.

குன்னூர்க்காரர்:

லென்ஸைத் துடைக்கச் சொன்ன நண்பருக்கு என் ஆதரவு. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எனக்குக் கல்லூரி நாட்களில் ஊட்டி முத்தோரையில் வாய்த்தது. ரேடியோ தொலைநோக்கி என்றதும் பெரிய கிண்ணம் ஒன்றை எதிர்பார்த்துப் போனோம். மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஏதோ வேலி போட்ட மாதிரி நின்றது. கிட்டப் போனால் தகடே இல்லை, துணி காயப்போடும் கொடி மாதிரி மெல்லிய எஃகுக் கம்பிகள், ஆயிரத்துக்கும் மேல், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் கட்டி முடித்தது. சரிவு சுமார் 11 டிகிரி; ஊட்டியின் அட்சரேகையும் அதுவேதான். அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே பக்கமாக உருட்டினால் போதும், ஒரு விண்மீனை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் தொடரலாம். இந்தச் சரிவுக்காகவே தேடிப் பிடித்த மலை என்றார்கள். எனக்கு இன்றுவரை பிடித்த விஷயம் அதுதான்.

செல்போனையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, உள்ளே ஒரு திரையில் வேலா பல்சாரைக் காட்டினார்கள். பல்சார் என்பதும் நியூட்ரான் விண்மீன்தான், சுற்றச் சுற்ற ரேடியோ துடிப்பு அனுப்பும். சமதளக் கோட்டில் ஒரே ஒரு கூர்முனை. அவ்வளவுதான். நொடிக்கு 11 சுற்று சுற்றும் இந்த நட்சத்திரம் வெடித்து சுமார் 11,000 வருடம் ஆகிறது. மெல்ல மெல்ல வேகம் குறைந்துகொண்டே வரும், திடீரென்று ஒருநாள் துளி வேகம் கூடிவிடும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை போல. உள்ளே உராய்வில்லாமல் ஓடும் திரவம் மேலோட்டைத் தள்ளிவிடுகிறது என்பது பொதுவாகச் சொல்லும் காரணம். "கிளிட்ச்" என்பார்கள். அதைச் சொன்னவர் முகத்தில், வீட்டுப் பிள்ளையின் குறும்பைச் சொல்வது மாதிரி ஒரு சிரிப்பு.

மிருதங்கம்:

நான் கேட்ட கட்சி. ரேடியோ துடிப்பை ஒலிபெருக்கிக்குக் கொடுத்த பதிவுகள் இணையத்தில் கிடைக்கும் (விண்வெளியில் சத்தம் கிடையாது, அது வேறு விஷயம்). பி0329+54 என்ற பல்சார் 0.714 நொடிக்கு ஒரு தட்டு. மெட்ரோனோமை அணைத்துவிட்டு அதற்கு ஆதிதாளம் போட்டேன். பத்து ஆவர்த்தனத்தில் நான்தான் ஓடினேன், அது ஓடவில்லை. ஆனால் தட்டுகளின் பலம் ஒரே மாதிரி இல்லை. ஒன்று கனமாக, அடுத்தது காதிலேயே விழாமல். நம் குருநாதர் கேட்டால் திட்டுவார்.

வேலா, உருட்டுச்சொல் வேகம். நண்டு, தட்டாகவே கேட்காது, அடிவயிற்றில் ஒரு உறுமல். அதற்கும் மேலே 1982-இல் கண்டுபிடித்த பி1937+21, நொடிக்கு 642 சுற்று. அது தாளத்தை விட்டு சுருதிக்கே போய்விட்டது. சுருதிப்பெட்டியை வைத்துச் சரிபார்த்தேன்: இரண்டரைக் கட்டைக்கும் மூன்று கட்டைக்கும் நடுவில், மேலே. எந்தப் பாடகரும் ஒத்துக்கொள்ளாத இடம்.

திருவாதிரைப் பேரன்:

மிச்சத்தைப் பார்க்கவில்லை, மிச்சமாகப் போகிறதைப் பார்த்தேன், சேருமா?

2019 கடைசியில் திருவாதிரை நட்சத்திரம் மங்க ஆரம்பித்தது. 2020 பிப்ரவரியில் பார்த்தால் பழைய வெளிச்சத்தில் பாதிகூட இல்லை. வெடிக்கப் போகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரே அமர்க்களம். கடைசியில், அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி முன்னால் மறைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அது வெடிப்பது நிச்சயம். நாளைக்கும் ஆகலாம், ஒரு லட்சம் வருடமும் ஆகலாம். வெடித்தால் பகலிலேயே தெரியும், அப்புறம் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு நியூட்ரான் விண்மீன்தான் இருக்கும்.

பாட்டிக்கு ஜென்ம நட்சத்திரம் திருவாதிரை. மாடிக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் காட்டி, எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அது போயிடுச்சுன்னா மார்கழியில களி கிண்டணுமா, வேண்டாமா?"