உதவி: தினமும் தண்ணீர் ஊற்றியும் செடி வாடுகிறது (அவசரம்)

அடுக்ககவாசி:
வணக்கம். வரவேற்பறையில் வைத்திருக்கும் செடி சில நாட்களாகத் தலை தொங்கிக் கிடக்கிறது. தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். இலை நுனியும் கருகுகிறது. சனிக்கிழமை வீட்டில் விசேஷம், உறவினர்கள் வருகிறார்கள். அதற்குள் நிமிர வேண்டும். ஏதாவது மருந்து இருந்தால் பெயரை மட்டும் சொல்லுங்கள், இன்றே வாங்கிவிடுகிறேன்.

மாடிப்பந்தல்:
எந்தச் செடி?

கொடிவீடு:
என்ன செடி, எந்த ஊர், ஜன்னலுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, தொட்டியின் அடியில் ஓட்டை உண்டா? படம் ஒன்று போட்டால் உதவும்.

பச்சைநாயகி:
நுனி கருகுகிறது என்றால் தண்ணீர்தான் குற்றவாளி. போர் தண்ணீரில் உள்ள உப்பு தொட்டி மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம். மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள்.

குளிர்காற்று:
ஏசி காற்று நேராகப் படுகிறதா? என் அனுபவத்தில் வீட்டுச் செடிக்கு வரும் நோயில் பாதி ஏசியால் வருவது.

எல்லாம்_எப்சம்:
ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு கரைத்து ஊற்றுங்கள். மக்னீசியம் குறைவுதான். ஒரே வாரத்தில் தளதளவென்று நிற்கும்.

வேரடி:
கேள்வி கேட்குமுன் தர வேண்டிய விவரங்கள் என்ன என்று இந்தப் பகுதியின் முகப்பிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அதைப் படிப்பவர் ஒருவரும் இல்லை. ‘செடி வாடுகிறது’ என்று மட்டும் எழுதுவது, ‘உடம்பு சரியில்லை’ என்று டாக்டருக்குத் தந்தி அடிப்பது போன்றது. பதில் சொல்பவர்களும் அதற்குள் மருந்துச் சீட்டு எழுதி முடித்துவிட்டார்கள். தம்பி, முதலில் செடியின் பெயரைச் சொல்.

அடுக்ககவாசி:
தம்பி அல்ல ஐயா, பெண். வெள்ளைப் பூ பூக்குமே, அந்தச் செடி. நர்சரியில் லில்லி என்றார்கள். சென்னை, பெரும்பாக்கம், ஏழாவது மாடி. படம் ஏற மாட்டேன் என்கிறது.

கொடிவீடு:
இலை நீளமாக, கரும்பச்சையாக, பளபளப்பாக இருக்கிறதா? பூ நிமிர்ந்த ஒற்றை மடலாக, நடுவில் சொரசொரப்பான தண்டோடு இருக்கிறதா? அப்படியானால் பீஸ் லில்லி. ஓட்டை பற்றி இன்னும் சொல்லவில்லை.

அடுக்ககவாசி:
அதேதான். வெள்ளைப் பீங்கான் தொட்டி. ஓட்டை இல்லை. அடியில் கூழாங்கல் போட்டிருப்பதால் ஓட்டை தேவையில்லை என்று கடையில் சொன்னார்கள்.

வேரடி:
கிடைத்துவிட்டது. அம்மா, நிதானமாகப் படியுங்கள். பீஸ் லில்லி இரண்டு காரணத்துக்காகத் தொங்கும். மண் காய்ந்தால் தொங்கும். அப்போது தண்ணீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். வேர் அழுகினாலும் தொங்கும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, தொட்டி நிறையத் தண்ணீர் நிற்க இலை தாகத்தில் கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். நீங்கள் முதல் காரணம் என்று நம்பி, இரண்டாவதை வளர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். சேறாக ஒட்டினால் இன்றிலிருந்து ஒரு சொட்டுகூட ஊற்ற வேண்டாம்.

நந்தவனத்தார்:
கூழாங்கல் போடுவதில் என்ன தவறு? அதிகத் தண்ணீர் கல்லுக்குள் இறங்கி நின்றுகொள்ளும். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வேரடி:
இறங்காது. மேலே உள்ள நுண்ணிய மண் முழுவதும் நனைந்து நிரம்பும் வரை தண்ணீர் கீழே உள்ள கல்லுக்குப் போகாது. மண்ணே அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கல் போட்டதால் ஈரம் நிற்கும் இடம் வேருக்கு இன்னும் அருகில் வந்ததுதான் மிச்சம். அதையும் மீறி இறங்கிய தண்ணீர் வெளியே போக வழியின்றி அங்கேயே நாறும். உங்கள் செடி பிழைத்திருந்தால் நீங்கள் கொஞ்சமாக ஊற்றுகிறீர்கள் என்று அர்த்தம். புண்ணியம் கல்லுக்கு இல்லை.

அடுக்ககவாசி:
சேறாகத்தான் இருக்கிறது. வாடையும் அடிக்கிறது. சின்னக் கொசு போன்ற பூச்சிகள் மண்ணிலிருந்து கிளம்புகின்றன. சொல்ல மறந்தேன், மாமியார் காலையில் அரிசி களைந்த கழுநீரையும் இதில்தான் ஊற்றுவார். வேப்பெண்ணெய் அடிக்கட்டுமா?

பச்சைநாயகி:
கழுநீர் நல்லதுதானே. எங்கள் பாட்டி கழுநீர் ஊற்றித்தான் கறிவேப்பிலை வளர்த்தார்.

மாடிப்பந்தல்:
பாட்டியின் கறிவேப்பிலை கொல்லைப்புறத் தரையில் நின்றது. இது வெயில் படாத அறையில், ஓட்டையில்லாத பீங்கானில் நிற்கிறது. மாவுச்சத்து புளித்துப் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சையைத் தின்ன அந்தப் பூச்சியின் புழு வரும், அது இளவேரையும் கடிக்கும். வேப்பெண்ணெய் இருக்கட்டும், மேல்மண் காய்ந்தாலே பாதிப் பூச்சி போய்விடும். மீதிக்கு மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று செருகி வையுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்ததும் வேரின் நடுவில் கெட்டியான களிமண் உருண்டை இருக்கிறதா? சென்னை நர்சரிகளுக்கு ஆந்திராவின் கடியம் பக்கத்திலிருந்து லாரியில் வரும் செடிகள் பலவற்றில் அது உண்டு. பயணத்தில் வேர் குலையாமலிருக்கக் களிமண்ணில் பிடித்து அனுப்புகிறார்கள். கடைக்காரர் அதைச் சுற்றிக் கறுப்பாகத் தேங்காய் நார்க் கழிவைப் போட்டு நிரப்பிவிடுவார். மேலே பார்க்க மண் பொலபொலவென்று இருக்கும்; உள்ளே உருண்டை ஒருமுறை நனைந்தால் லேசில் காயாது, ஒருமுறை காய்ந்தால் லேசில் நனையாது. வாளித் தண்ணீரில் ஊறவைத்து, விரலால் மெதுவாகக் கரைத்து எடுங்கள். பிய்க்காதீர்கள்.

எல்லாம்_எப்சம்:
மாற்றி நடும்போது கொஞ்சம் எப்சம் கலந்துகொள்ளலாம்.

வேரடி:
வேண்டாம்.

குளிர்காற்று:
எப்படியாவது காப்பாற்றிவிடுங்கள். பீஸ் லில்லி காற்றைச் சுத்தம் செய்யும் செடி. நாசாவே சொல்லியிருக்கிறது.

கொடிவீடு:
நாசா 1989இல் வெளியிட்ட அறிக்கை அது. காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் செடியை வைத்து, பென்சீன் போன்ற ஆவிகளைச் செலுத்தி அளந்தார்கள். உங்கள் வீடு மூடிய பெட்டியா? 2019இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய பழைய சோதனை முடிவுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். ஜன்னல் வழியும் இடுக்கு வழியும் இயல்பாக நடக்கும் காற்று மாற்றத்துக்கு ஈடாக வேண்டுமானால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1000 செடிகள் வேண்டுமாம். ஜன்னலைத் திறந்தால் போதும்.

குளிர்காற்று:
பெரும்பாக்கத்தில் ஜன்னலைத் திறந்தால் வருவது என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? கொசுவும் கட்டுமானத் தூசும். என் படுக்கையறையில் பாம்புச்செடி ஆறு வைத்திருக்கிறேன். இரவில் பிராணவாயு தருகிறது. தூக்கம் நன்றாக வருகிறது.

கொடிவீடு:
பாம்புச்செடி இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கும், அது உண்மை. பிராணவாயு உண்டாக வெளிச்சம் வேண்டும், அது பகலில்தான். தூக்கம் நன்றாக வந்தால் மகிழ்ச்சி, அந்தப் பெருமையைச் செடிக்குக் கொடுக்காதீர்கள்.

நந்தவனத்தார்:
வீட்டில் பச்சை இருந்தால் மனதுக்கு இதம். எல்லாவற்றுக்கும் கணக்குப் போட வேண்டுமா?

பூனைவீடு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். லில்லி பூனைக்கு விஷம் என்கிறார்களே, இந்தச் செடியுமா?

வேரடி:
பெயரில்தான் லில்லி, இது சேம்பின் உறவு. சேம்பு, கருணை போலவே இதிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. பூனை கடித்தால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், வாந்தி எடுக்கலாம். பூனையின் சிறுநீரகத்தையே பறித்து உயிரை வாங்குவது உண்மையான லில்லி. பூங்கொத்தில் வரும் அந்தப் பெரிய பூ. பூனை உள்ள வீட்டுக்கு அதைக் கொண்டுவரவே கூடாது. இதை எட்டாத உயரத்தில் வையுங்கள், அப்படியும் கடித்துவிட்டால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

அடுக்ககவாசி:
எடுத்துவிட்டேன். களிமண் உருண்டை இருந்தது. வேரில் பாதிக்கு மேல் பழுப்பு. இழுத்தால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு கழன்று, நடுவில் நூல் மட்டும் கையில் நிற்கிறது. நறுக்கிவிட்டு ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினேன். இன்னும் நிமிரவில்லை. சனிக்கிழமைக்குப் பக்கத்து வீட்டு மணிபிளான்ட்டை இரவல் வாங்கி வைத்தாயிற்று. நன்றி.

பச்சைநாயகி:
விளிம்பில் வெள்ளைப் பொரி இருந்ததா?

மாடிப்பந்தல்:
என்ன கலவையில் நட்டீர்கள்? தொட்டி பழையதைவிடப் பெரிதா, சிறிதா?

வேரடி:
அவர் விசேஷ வேலையில் இருப்பார், விடுங்கள். எப்போது வந்து படித்தாலும் பயன்படும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். கெட்டியான வெள்ளை வேர் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் பிழைக்கும். வேர் குறைந்திருப்பதால் மஞ்சளான வெளி இலைகளை அடியோடு வெட்டிவிடுங்கள், சுமை குறையும். தொட்டி சிறிதாக இருக்கட்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். அலசிப் பிழிந்த நார்க் கழிவு, மண்புழு உரம், பெர்லைட் (மண்ணை இளக்கும் வெள்ளைக் கல்துகள்) அல்லது கழுவிய ஆற்றுமணல், இவை போதும். புது இலைக்குருத்து வரும் வரை உரம், எப்சம், கழுநீர் எதுவும் கூடாது. ஜன்னல் வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. பீங்கான் தொட்டியை எறிய வேண்டாம்; பிளாஸ்டிக் தொட்டியை அதற்குள் இறக்கிவைத்து, தண்ணீர் ஊற்றும்போது மட்டும் வெளியே எடுத்து வடியவிடுங்கள்.

பிழைத்தாலும் உடனே பூக்காது. விற்பனைக்கு வளர்ப்பவர்கள் பலர் ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்துப் பூக்க வைத்து அனுப்புகிறார்கள். வீட்டில் அது தன் பருவத்தில், போதிய வெளிச்சம் இருந்தால்தான் பூக்கும். பூக்கவில்லை என்று அதற்கு ஓர் உரையாடல் இழை தொடங்காதீர்கள்.

காற்றுச் சண்டைக்காரர்கள் மட்டும் தனி இழை திறந்துகொள்ளலாம்.