கொழும்புக்கு வந்த விருந்தாளிகளுக்கு நடந்தவை: உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

வெள்ளவத்தை அக்கா:

கத்தி காட்டிப் பறித்த கதை ஒன்றும் என்னிடம் இல்லை. எங்கள் வீட்டுக்கு இந்தியாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களில் காசை விட்டவர்கள் எல்லாரும் சிரித்துக் கதைத்தவர்களிடம்தான் விட்டார்கள்.

போன ஓகஸ்ட்டில் என் கணவரின் நண்பர் திருச்சியிலிருந்து குடும்பத்தோடு வந்து கொள்ளுப்பிட்டியில் தங்கினார். மத்தியானம் காலிமுகத்திடலில் நின்றபோது நரைத்த தலை, நல்ல உடுப்போடு ஒருவர் வந்து கை கொடுத்தாராம். "தெரியவில்லையா சேர்? உங்கட ஹொட்டேலில் சமையல் நான்தான். இன்றைக்கு லீவு." ஹொட்டேலில் எத்தனையோ முகம் பார்க்கிறோம், இருக்கும் என்று இவர்களும் நினைத்துவிட்டார்கள். "கங்காராமயவில் யானை ஊர்வலம். இன்றுதான் கடைசி நாள், அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்" என்றதும் பிள்ளைகள் குதிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் கையைக் காட்ட, ஒரு த்ரீவீல் வந்து நின்றது.

கங்காராமயவின் நவம் பெரஹெரா பெப்ரவரி போயாவை (பௌர்ணமியை) ஒட்டி நடப்பது. ஓகஸ்ட்டில் பெரஹெரா என்றால் கண்டிக்குத்தான் போக வேண்டும். விகாரையில் ஊர்வலமும் இல்லை, கூட்டமும் இல்லை. "முடிந்துவிட்டது போல, பரவாயில்லை சேர்" என்று அடுத்து ஓர் இரத்தினக்கல் கடைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அரசாங்கக் கடையாம், வரியில்லாத விலை இன்றோடு சரியாம். தேத்தண்ணி கொடுத்து, நீலக்கல்லைத் தட்டில் வைத்த பிறகுதான் எனக்கு கோல் வந்தது, "தங்கச்சி, இந்த விலை நியாயமா?" என்று. "கார்ட் ஹொட்டேலில் இருக்கு என்று சொல்லிவிட்டு வெளியே வாங்கோ அண்ணா. அதே த்ரீவீலில் மட்டும் ஏற வேண்டாம்" என்றேன். வாசலில் த்ரீவீல்காரர் ஆறாயிரம் கேட்டு மறித்தார். நடந்தே போகக்கூடிய தூரத்துக்கு! பிள்ளைகளுக்கு முன்னால் சண்டை வேண்டாம் என்று இரண்டாயிரத்தோடு தப்பி வந்தார்கள்.

யாரும் எதையும் களவெடுக்கவில்லை, அதுதான் இதில் பெரிய வில்லங்கம். பொலிஸில் போய் என்னவென்று சொல்வது?

இப்போது வருகிற எல்லாருக்கும் நான் சொல்லிவைப்பது இதுதான். "உங்கட ஹொட்டேல்" என்று யாராவது தொடங்கினால் "எந்த ஹொட்டேல்?" என்று கேளுங்கோ. பெயர் வராது. வழி கேட்க வேண்டுமென்றால் ஆளை நீங்களே பார்த்துக் கேளுங்கோ. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவருகிற அம்மா, மருந்துக்கடையில் நிற்பவர், இப்படி. நீங்கள் தேடிப் போனவருக்கு உங்களிடம் விற்க ஒன்றும் இருக்காது. கல் வாங்கியே தீருவேன் என்பவர்கள் தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையில் பரிசோதித்துப் பார்த்து வாங்கலாம். அதைச் சொன்னதும் கடைக்காரரின் முகம் போகிற போக்கிலேயே பாதி விடை தெரிந்துவிடும்.

கொட்டாஞ்சேனை த்ரீவீல்:

அக்கா, நான் த்ரீவீல் ஓட்டுகிறவன். எல்லாரும் அப்படி இல்லை என்று எழுத வந்தேன், ஆனால் கடைக் கொமிஷன் உண்மை. வெளிநாட்டு ஆட்களைக் கூட்டிப்போனால் கல் கடை, பத்திக் துணிக்கடை எல்லாம் ஓட்டுநருக்கு ஏதோ கொடுக்கும். அந்தக் காசு உங்கள் பில்லில்தான் ஏறும். ஏறமுதல் பிக்மீயிலோ ஊபரிலோ அதே தூரத்துக்கு என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கோ. அப்பில் போட்டால் வண்டி இலக்கமும் போனில் காட்டுகிற இலக்கமும் ஒன்றா என்று பார்க்காமல் ஏற வேண்டாம். கோட்டை ஸ்டேஷன் வாசலில் "சேர், சேர்" என்று வருகிறவர்களை விட்டுக் கொஞ்சத் தூரம் நடந்தாலே விலை இறங்கும்.

சென்னைப் பொண்ணு:

ஆபீஸ் வேலையா வந்து கொழும்புல தனியா தங்கியிருந்தேன். பெரும்பாலும் நிம்மதியா இருந்தது, அதையும் சொல்லணும். 100ஆம் நம்பர் பஸ்ல நெரிசல்ல ஒருத்தர் உரசிட்டே வந்தார். கண்டக்டர்கிட்ட போறதுக்குப் பதிலா பக்கத்து சீட்ல இருந்த ஆன்ட்டிகிட்ட தமிழ்லயே சத்தமா சொன்னேன். அவங்க சிங்களத்துல போட்ட போடுல அடுத்த ஸ்டாப்ல ஆள் இறங்கிட்டார்.

இன்னொரு நாள் வெள்ளவத்தை கடற்கரையில இருட்டுற நேரம் ஒருத்தன் பின்னாடியே வந்தான். தண்டவாளத்தை ஒட்டி நடக்காம நேரா காலி ரோட்டுக்கு ஏறி, முதல்ல கண்ணுல பட்ட சைவக் கடைக்குள்ள போயிட்டேன். கல்லாவுல இருந்த அண்ணாகிட்ட விஷயத்தைச் சொன்னதும் அவர் எதுவுமே கேட்கல. "இருங்கோ பிள்ளை" என்று ஒரு பிளேன்டீ வைக்கச் சொல்லிட்டு, தம்பி ஒருத்தரை வாசல்ல நிறுத்திட்டார். ரூமுக்கு இருந்த தூரம் ரொம்பக் கொஞ்சம்தான், ஆனா ரூம் எங்கன்னு அவனுக்குக் காட்ட நான் தயாரா இல்லை.

டொரண்டோ மாமா:

புத்தர் விஷயத்தில் கவனம். 2014இல் கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடித்து நாடுகடத்தினார்கள். அது பிழை என்று உயர் நீதிமன்றம் 2017இல் நட்டஈடு கொடுக்கச் சொன்னது, ஆனால் வந்த பயணம் போனது போனதுதானே. சிலைக்கு முதுகைக் காட்டி செல்பி எடுப்பதையும் விடுங்கோ. என் மருமகளின் கைப்பையில் இருந்த புத்தர் படத்துக்காக நான் விமானத்திலேயே சண்டை பிடித்தேன். வீட்டில் இன்னும் என்னோடு கோபம்.

பம்பலப்பிட்டி:

புறக்கோட்டை நெரிசலில் என் நண்பரின் போனும் பாஸ்போர்ட்டும் பையோடு போனது. அவர் மதுரை. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் பொலிஸ் முறைப்பாடு, அந்தப் பிரதியோடுதான் காலி வீதியில் இருக்கிற இந்திய உயர் ஸ்தானிகராலயத்துக்குப் போக வேண்டும். நிலையத்தில் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். விளங்காததில் கையெழுத்து வைக்க மாட்டோம் என்று நின்றோம். தமிழும் அரசகரும மொழி, 1987இலிருந்து சட்டத்தில் இருக்கிறது. பிறகு தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். நேரம் போனது, ஆனால் பையின் நிறம், பாஸ்போர்ட் இலக்கம் எல்லாம் பிழையில்லாமல் வந்தது. இலக்கம் எப்படித் தெரியும் என்றால், அவர் மனைவியின் வாட்ஸ்அப்பில் படம் இருந்தது.

வெள்ளவத்தை அக்கா:

போனில் சேமித்துக்கொள்ளுங்கோ: பொலிஸ் 119, சுற்றுலா உதவி 1912, அம்புலன்ஸ் 1990. கடைசியாகச் சொன்ன அம்புலன்ஸுக்கு, அதுதான் சுவசெரியவுக்கு, காசு இல்லை.

சென்னைப் பொண்ணு:

அக்கா, ஏப்ரல்ல அம்மாவைக் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். 13, 14 தேதிகள்ல. சரிப்படுமா?

வெள்ளவத்தை அக்கா:

வருஷப்பிறப்புக்குக் கொழும்பே ஊருக்குப் போய்விடும், பிள்ளை. கடைகள் பூட்டு, த்ரீவீலும் லேசில் கிடைக்காது, கிடைத்தாலும் வாய்க்கு வந்த விலை. 20க்குப் பிறகு போடுங்கோ. அம்மாவுக்கு நடக்கக் கஷ்டம் இல்லையென்றால் காலிமுகத்திடலுக்கு வெயில் தாழ்ந்த பிறகு நானே வருகிறேன்.