அப்பாவை நாசிக் ஒயின் தோட்டங்களுக்குக் கூட்டிப் போக வேண்டும். போனவர்கள் சொல்லுங்கள்

சுருளிப்பட்டியான்:
வேலை புனேயில். அடுத்த மாதம் அப்பா, அம்மா, தங்கை மூவரும் வருகிறார்கள். அப்பா முப்பது வருஷம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போட்டவர். முழங்கால் போன பிறகு பந்தலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். நாசிக்கில் திராட்சை என்றதும், "அவன் கொடியை எப்படி வெட்டிக் கவாத்து பண்றான்னு ஒரு தடவை பாக்கணும்டா" என்று ஆரம்பித்துவிட்டார். ஆனால் ஒயின் என்ற வார்த்தையைக் கேட்டால் அவருக்கு எங்கள் ஊர் ஒயின்ஷாப் வாசல்தான் கண்ணில் வருகிறது. சொட்டுகூடத் தொட்டதில்லை.

ஜனவரி 26ஐ ஒட்டி மூன்று நாள் லீவு. நானே கார் ஓட்டிக்கொண்டு போய், ஒரே நாளில் நான்கு இடம் பார்த்துவிடலாம் என்று கணக்கு. குடிக்காதவர்களை உள்ளே விடுவார்களா? தங்கைக்கு 20 வயது.

கோதாவரிக்கரை:
தம்பி, முதலில் தேதியை மாற்றுங்கள். 26 மகாராஷ்டிராவில் டிரை டே, மது விற்கக் கூடாத நாள். அன்றைக்கு ஒயினை ருசி பார்க்கிற டேஸ்டிங் கிடையாது. அதைச் சுற்றியுள்ள நாட்களில் பாதி மும்பை இங்கேதான் இருக்கும். அப்பா ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது. பிப்ரவரியில் ஒரு செவ்வாய், புதன் பாருங்கள்.

பிப்ரவரி சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. இங்கே அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. சொவீனியோன் பிளாங்க் மாதிரி வெள்ளை ரகங்களை முதலில் வெட்டுவார்கள். ஷிராஸ், காபர்னே மாதிரி சிவப்பு ரகங்கள் பிறகு. பிப்ரவரி நடுவில் வந்தால் சிவப்பு ரகத்தைக் கொடியிலும் பார்க்கலாம், வெள்ளை ரகம் ஸ்டீல் தொட்டியில் நொதிப்பதையும் பார்க்கலாம். கவாத்து அப்போது நடக்காது. அது ஏப்ரலில் ஒரு தடவை, மழை முடிகிற செப்டம்பர் வாக்கில் ஒரு தடவை. காய்ப்புக்கு விடுவது இரண்டாவது கவாத்தில்தான். அதனால் வருஷத்துக்கு ஒரே அறுவடை. வருஷத்தில் ஒன்றுக்கு மேல் அறுவடை பார்க்கிற கம்பத்துக்காரருக்கு இதைக் கேட்டாலே சிரிப்பு வரும்.

நான்கு இடமெல்லாம் வேண்டாம். இரண்டு போதும். கங்காப்பூர் அணைப் பக்கம் சுலா, யார்க் என்ற இரண்டு ஒயின் ஆலைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. சுலா பெரியது, 2000 வாக்கில் ஒயின் எடுக்க ஆரம்பித்தது, கூட்டமும் அங்கேதான். யார்க்கை 2021இல் சுலாவே வாங்கிவிட்டாலும் இடம் சின்னது, கொஞ்சம் நிதானமாக இருக்கும். மாலையில் அணைத் தண்ணீரைப் பார்த்தபடி உட்காரலாம். திண்டோரிப் பக்கம் ஷாண்டோன் இருக்கிறது, நுரை ஒயின் செய்கிறவர்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். இகத்புரிப் பக்கம் வலோனே மும்பையிலிருந்து வருபவர்களுக்குத்தான் வழி, உங்களுக்குச் சுற்று.

கார் ஓட்டுகிறவர் நீங்களென்றால் கிளாஸைத் தொடாதீர்கள். டேஸ்டிங்தானே, நாலு வாய்தானே என்பார்கள். ஐந்தாறு ரகம் ஊற்றுவார்கள், கூட்டிப் பாருங்கள். நாசிக் வரைக்கும் உங்கள் வண்டி, அங்கே நாள் வாடகைக்கு ஒரு டாக்சி. தங்கைக்குக் கிளாஸ் கிடையாது, இங்கே ஒயினுக்கு 21 ஆகியிருக்க வேண்டும். சுற்றிப் பார்ப்பதற்குத் தடையில்லை. அப்பாவும் அப்படியே.

இரண்டாம் கிளாஸ்:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. துப்புவதற்கென்றே மேசையில் பாத்திரம் வைத்திருப்பார்கள். வெட்கப்படாமல் துப்பலாம். முதல் தடவை நான் அதை டிப்ஸ் போடுகிற பாத்திரம் என்று நினைத்து நூறு ரூபாய் போட்டேன்.

ராயப்பன்பட்டி மருமகன்:
முன்பதிவு செய்யும்போதே "தோட்டத்துக்குள் கூட்டிப் போவீர்களா" என்று கேட்டுவிடுங்கள். நிறைய இடங்களில் டூர் என்றால் தொட்டி, பீப்பாய், அப்புறம் கடை, அவ்வளவுதான். மாமாவுக்குப் பீப்பாயில் என்ன இருக்கிறது? படிக்கட்டு எத்தனை என்றும் கேளுங்கள், முழங்காலுக்கு.

சுருளிப்பட்டியான்:
போய் வந்துவிட்டோம். பிப்ரவரி இரண்டாம் வாரம், புதன்கிழமை. நன்றி அண்ணே.

முதல் இடத்தின் பெயர் வேண்டாம். பணம் கட்டிப் பதிவு செய்திருந்தும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, இருபது நிமிஷத்தில் தொட்டியைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். மருமகன் சொன்ன கேள்வியை அந்த இடத்தில் மட்டும் கேட்க மறந்திருந்தேன். அப்பா வாயே திறக்கவில்லை.

இரண்டாவது இடத்தில் வந்த பையன் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை, திண்டோரிப் பக்கம். மராத்தி, இந்தி, என் மொழிபெயர்ப்பு, கை ஜாடை. நேராகக் கொடிக்கே கூட்டிப் போனான். பந்தல் இல்லை, வேலி மாதிரி வரிசை வரிசையாகக் கம்பி, அதில் கொடியை நிமிர்த்திக் கட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் கல்தூண் ஊன்றித் தலைக்கு மேல் பந்தல், கொத்து அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் தொங்கும். இங்கே இடுப்பு உயரம். அப்பா குனிய வேண்டியிருக்கவில்லை, ஏறவும் வேண்டியிருக்கவில்லை. அதுவே அவருக்குப் பாதி சந்தோஷம்.

ஷிராஸ் பழம் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டார். "சுண்டக்காயாட்டம் இருக்கு, ஆனா என்னா இனிப்பு" என்றார். தோலைத் தனியாக மென்று, விதையைக் கையில் துப்பி எண்ணினார். நிறம் அந்தத் தோலிலிருந்துதான் இறங்குகிறது என்று பையன் சொன்னதற்கு, "பன்னீருலயும் அதேதான், சட்டையில பட்டாத் தெரியும்" என்று பதில். பிறகு பையன் ஒரு சின்னக் குழாய்க் கருவியில் சாற்றை ஒரு சொட்டு விட்டுக் கொடுத்தான். வெயிலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இனிப்பு 23 என்று காட்டியது. ஒயின் ஆலை எடையை மட்டும் பார்க்காமல் இந்த இனிப்பையும் பார்த்துத்தான் விலை போடும் என்றதும், "நம்ம வியாபாரி இந்தக் குழாயைக் கண்ணால பாத்திருப்பானா" என்று கேட்டுவிட்டு, செவட்டை நோய்க்கு என்ன மருந்து அடிக்கிறீர்கள் என்று அரை மணி நேரம் ஓட்டிவிட்டார்.

கொத்துகளில் பாதியைப் பிஞ்சிலேயே கழித்துவிடுவோம் என்று அவன் சொன்னபோதுதான் சண்டை. காய்ப்பைக் குறைத்தால்தான் மிச்சப் பழத்தில் சாரம் ஏறுமாம். நான் மொழிபெயர்த்ததை அப்பா நம்பவில்லை, இன்னொரு தடவை கேட்கச் சொன்னார்.

டேஸ்டிங் அறையில் எனக்கு ஊற்றிய கிளாஸை வாங்கி மூக்குக்கிட்டே பிடித்தார். "மருந்தடிச்ச கை வாசம் இல்ல, பரவாயில்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு மறுநாள் திரியம்பகேஸ்வரர் கோயில். வண்டியில் ஏறிய பிறகும் அப்பா கம்பி வரிசையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, "பந்தல் போட்டிருந்தா இதே ஏக்கர்ல இன்னும் நாலு டன் எடுத்துருப்பேன்" என்றார்.