நம் எம்.பி.எல். பெயரில் எத்தனை மசோதா? என் நோட்டில் பூஜ்யம்

கணக்குப்பிள்ளை, சாட்ஸ்வர்த்

வணக்கம். நாற்பது வருடம் கணக்கு எழுதியே பிழைத்தவன். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. போன வருடம் இங்கே தென்னாப்பிரிக்காவில் எங்கள் கோயில் மண்டபத்துக்கு ஒரு மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் (எம்.பி.எல்.) வந்தார். மாலை போட்டோம். "உங்களுக்காகச் சட்டம் செய்யும் இடத்தில் இருக்கிறேன்" என்று பேசினார். அந்த வார்த்தை மனதில் நின்றுவிட்டது. மறுநாளே ஒரு நோட்டு வாங்கி, இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் அவர் பெயரில் வந்த மசோதா என்று கோடு போட்டேன்.

பன்னிரண்டு மாதம் ஆயிற்று. வலப்பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது.

மசோதா கொண்டுவர அமைச்சராக இருக்க வேண்டும் என்பதில்லை. அரசியலமைப்பின் 119ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: மாகாண அமைச்சர், குழு, சாதாரண உறுப்பினர், மூவருமே கொண்டுவரலாம். பண மசோதா மட்டும் நிதி பார்க்கும் மாகாண அமைச்சர் (எம்.இ.சி.) கையில். மற்றதெல்லாம் திறந்த கதவு. சம்பளம் மட்டும் மாதம் தவறாமல் போகிறது. பெயரும் கட்சியும் சொல்ல மாட்டேன், சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். என் கேள்வி ஒன்றுதான்: சட்டமன்ற உறுப்பினரை அளக்க இதைவிட நேரான அளவுகோல் உண்டா?

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்

உண்டு அண்ணே. கோபப்படாமல் கேளுங்கள். நீங்கள் வெளியில் நின்று திறந்த கதவைப் பார்க்கிறீர்கள், உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

நம் குவாசுலு-நட்டால் மாகாண மன்றத்தில் 80 இடம். 2024 தேர்தலில் கட்சிவாரியாக எம்.கே. 37, ஐ.எஃப்.பி. 15, ஏ.என்.சி. 14, டி.ஏ. 11, இ.எஃப்.எஃப். 2, என்.எஃப்.பி. 1. அப்போது ஆட்சிக்காகச் சேர்ந்த ஐ.எஃப்.பி., ஏ.என்.சி., டி.ஏ., என்.எஃப்.பி. நான்கையும் கூட்டினால் 41, எதிரே 39. ஒருவர் காய்ச்சலில் படுத்தால்கூட வாக்கெடுப்பு ஆட்டம் காணும் நிலை. அப்படிப்பட்ட அவையில் ஒரு தனி உறுப்பினர் எழுந்து "என் மசோதா" என்று சொன்னால் யார் கை தூக்குவார்கள்? ஆளும் பக்கத்துக்காரர் என்றால் தன் எம்.இ.சி.யிடம் சொல்லி வேலையை முடித்துக்கொள்வார். எதிர்ப்பக்கத்துக்காரர் என்றால் செய்தித்தாளில் பெயர் வரும், மசோதா அப்படியே கிடக்கும்.

இன்னொன்று. அவர் "நம்" உறுப்பினரே இல்லை. இங்கே விகிதாசாரப் பட்டியல். நாம் கட்சிக்கு வாக்குப் போட்டோம், கட்சி அவரை அனுப்பியது, அப்புறம் சாட்ஸ்வர்த்தைப் பார்த்துக்கொள் என்று ஒரு அலுவலகம் ஒதுக்கியது. அவ்வளவுதான் உறவு.

பீனிக்ஸ்காரி

வாத்தியார் ஐயா சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பகுதி அலுவலகத்தில் கொஞ்ச காலம் உதவிக்கு உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் கேட்கும் "சட்டம்" என்னென்ன தெரியுமா? தீபாவளிக்குப் பொது விடுமுறை வேண்டும். அது 1994ஆம் வருடத்துப் பொது விடுமுறைச் சட்டம், தேசிய நாடாளுமன்றம் இருக்கும் கேப் டவுனில்தான் மாற்ற முடியும். சுடுகாட்டில் நெரிசல். அது அரசியலமைப்பின் 5ஆம் அட்டவணையில் இரண்டாம் பகுதி, நகராட்சி வேலை. பக்கத்து வீட்டு நாய், பக்கத்து வீட்டுச் சத்தம்: அதுவும் நகராட்சி. மாகாணத்துக்கு மட்டுமே உரியது என்று அதே அட்டவணையின் முதல் பகுதியில் இருப்பது இறைச்சிக்கூடம், ஆம்புலன்ஸ், நூலகம், அருங்காட்சியகம், மதுக்கடை உரிமம், மாகாணச் சாலை, இப்படிச் சிலதான். அங்கே வந்து இறைச்சிக்கூடத்துக்கு மசோதா கேட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

லெனேசியா தம்பி

நான் சட்டம் படிக்கிறவன், கவுத்தெங் மாகாணம். அண்ணன் பக்கம் பேச ஒருவராவது வேண்டாமா?

"கை தூக்க ஆள் இல்லை" என்பது பழைய சாக்கு. முன்பு தேசிய அவையில் தனி உறுப்பினர் மசோதாவைக் கொண்டுவரவே அவையின் அனுமதி கேட்க வேண்டும் என்று விதி இருந்தது. பெரும்பான்மைக் கட்சி தலையசைத்தால்தான் உள்ளே வரலாம். ஐ.எஃப்.பி.யின் மாரியோ ஒரியானி-அம்ப்ரோசினி நீதிமன்றம் போனார். 2012 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. மசோதா கொண்டுவருவது உறுப்பினரின் சொந்த அதிகாரம், பெரும்பான்மை போடும் பிச்சை அல்ல.

அதற்குப் பலனும் வந்தது. ஏ.சி.டி.பி. என்ற சின்னக் கட்சியின் செரிலின் டட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 400 பேர் கொண்ட அவையில் அவர் கட்சிக்கு மூன்றே இடம். பி 29-2015 என்ற எண்ணில் தொழிலாளர் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். 2018 நவம்பரில் கையெழுத்தாகி, 2020 ஜனவரி 1 முதல் குழந்தை பிறந்தால் அப்பாவுக்கும் பத்து நாள் விடுப்பு என்று வந்தது. என் அக்கா மாப்பிள்ளை அந்தப் பத்து நாளை எடுத்துத்தான் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கோப் கட்சியின் டெய்ட்ரி கார்ட்டர் கொண்டுவந்த திருமணப் பதிவுத் திருத்தமும் 2020இல் சட்டமாயிற்று. ஒரே பாலினத்தவரின் திருமணத்தைப் பதிய மாட்டேன் என்று அரசு அதிகாரி சொல்லக்கூடிய வாய்ப்பை அது எடுத்துவிட்டது.

மூன்று இடம் உள்ளவரால் முடிந்தது. 11, 14, 15 இடம் உள்ளவர்களால் ஏன் முடியாது?

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்

தம்பி, நல்ல உதாரணம். ஆனால் அதே உதாரணத்தை அண்ணன் நோட்டில் போட்டுப் பார். 2015இல் ஒன்று என்று விழும். 2016 பூஜ்யம், 2017 பூஜ்யம். அந்த அம்மாள் குழுவில் உட்கார்ந்து வரிக்கு வரி வாதாடிய காலம் முழுவதும் வலப்பக்கம் வெள்ளைதான். அவர் செய்த உண்மையான வேலை அந்த வெள்ளைப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அம்ப்ரோசினியையே எடுத்துக்கொள். வழக்கில் ஜெயித்தவர், புற்றுநோயோடு போராடிக்கொண்டே 2014 பிப்ரவரியில் மருத்துவக் கஞ்சா பற்றிய மசோதாவை வைத்தார். ஆகஸ்டில் இறந்துவிட்டார். அதே கட்சியின் நரேந்த் சிங் அதைத் தூக்கிக்கொண்டு போனார். சட்டமாகவில்லை. இப்போது சொல், அது யார் கணக்கு? கொண்டுவந்தவரா, சுமந்தவரா?

டோங்காட் கரும்பு

ரெண்டு பேருக்கும் ஒரே பதில். யார் கொண்டுவந்தாலும் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வராது. நோட்டு வாங்கிய காசுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் வாங்கியிருக்கலாம்.

வெருலம் அம்மா

கரும்பு தம்பி, தண்ணீர் எங்களுக்கும் வருவதில்லை. அதற்காக வாயை மூடிக்கொள்ள முடியுமா?

என் மகள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டினில் இருக்கிறாள். அங்கே இந்தக் கணக்கு பெரிய விஷயம். சட்டமன்றம் வழக்கமாக ஒற்றைப்படை வருடத்தில் மட்டும் கூடும், 140 நாள்தான். கீழவையில் 150 பேர், மேலவையில் 31 பேர். தொகுதிக்கு ஓர் ஆள், அதனால் "என் ஆள்" என்று சொல்லலாம். மசோதா எண்ணையோ உறுப்பினர் பெயரையோ இணையத்தில் தட்டினால் எந்தக் குழுவில் நிற்கிறது, எந்தத் தேதியில் நகர்ந்தது, எல்லாம் வந்துவிடும். மகள் அவள் தொகுதிக்காரரை அப்படித்தான் பின்தொடர்ந்தாள். முதலில் அவளும் எண்ணிக்கைதான் பார்த்தாளாம்.

அப்புறம்தான் புரிந்தது. அங்கே மசோதாவை முதலில் வைப்பவருக்கு ‘ஆத்தர்’ என்று பெயர். மறு அவையில் அதை ஏற்று நடத்துபவர்தான் ‘ஸ்பான்சர்’. ஸ்பான்சர் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு, இவர் சொந்தமாக இவ்வளவு எழுதினாரா என்று வியந்திருக்கிறாள். கூடக் கையெழுத்து மட்டும் போட்டவர்கள் தனி. ஒரே மசோதாவை இரண்டு அவையிலும் இரட்டையாக வைப்பதும் உண்டாம், ஒன்று நின்றுபோனாலும் மற்றது ஓடும். எண்ணினால் இரண்டு, விஷயம் ஒன்று. 140 நாள் முடிந்தால் குழுவில் தூங்குவதெல்லாம் செத்துப்போகும், அடுத்த கூட்டத்தொடரில் புது எண்ணோடு முதலிலிருந்து வர வேண்டும். தைத்த சட்டையையே திரும்பத் திரும்பத் துவைத்துக் கொடியில் போட்டு, எத்தனை சட்டை பார் என்று காட்டுகிறார்கள் என்று சிரிக்கிறாள்.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் சொன்னதைப் படித்தேன். சரி, எண்ணிக்கை மட்டும் போதாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை விட மாட்டேன். அதிக எண்ணிக்கையில் ஏமாற்று இருக்கலாம். பூஜ்யத்தில் ஏமாற்று எப்படி இருக்கும்? பூஜ்யம் பூஜ்யம்தானே?

"குழுவில் வேலை செய்கிறார்" என்பது யாருக்கும் சொல்லக்கூடிய சமாதானம். தேசிய நாடாளுமன்றம் என்றால் பார்லிமென்டரி மானிட்டரிங் குரூப் 1995இலிருந்து குழுக் கூட்டங்களை எழுதி வைக்கிறது, யார் வந்தார், யார் என்ன கேட்டார் என்று பார்த்துவிடலாம். மாகாணத்துக்கு அதே விவரத்தோடு எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. போன் செய்தேன், இன்னொரு எண் கொடுத்தார்கள், அந்த எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற கணக்கு மசோதா ஒன்றுதான். அதனால்தான் அதை எழுதினேன், ஆசைப்பட்டு அல்ல.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்

இது நியாயமான கோபம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

ஆனாலும் மாகாண உறுப்பினரின் கை படுகிற பெரிய இடம் ஒன்றை நீங்கள் விட்டுவிட்டீர்கள். கேப் டவுனில் வருகிற 76ஆம் பிரிவு மசோதா, அதாவது கல்வி, சுகாதாரம் போல மாகாணத்தையும் தொடுகிற மசோதா, நாடாளுமன்றத்தின் மேலவையான மாகாணங்களின் தேசிய அவைக்குப் போகும்போது ஒன்பது மாகாணத்துக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. அந்த வாக்கு எப்படி விழ வேண்டும் என்று கட்டளை தருவது நம் மன்றம். மக்கள் கருத்தைக் கேட்கும் பொதுக்கேட்பு நடத்தி, முதலில் பேரம் பேசுவதற்கான கட்டளை, பிறகு இறுதிக் கட்டளை. தேசிய சுகாதாரக் காப்பீடு 2023 டிசம்பரில் அந்த அவையைத் தாண்டியது அப்படித்தான், வெஸ்டர்ன் கேப் மட்டும் எதிர்த்தது. கல்விச் சட்டத் திருத்தமான பேலாவும் அந்த வழியாகவே வந்தது. ஒன்பதில் ஒரு பங்கு சின்ன விஷயமா? ஒரு மசோதாவிலும் இவர்கள் பெயர் இருக்காது.

கேட்பை ஒழுங்காக நடத்தாவிட்டால் சட்டமே விழும். 2006இல் ‘டாக்டர்ஸ் ஃபார் லைஃப்’ வழக்கில் மக்களைக் கேட்கவில்லை என்பதற்காகவே கருக்கலைப்புத் திருத்தத்தையும் பாரம்பரிய வைத்தியர் சட்டத்தையும் நீதிமன்றம் செல்லாது என்றது. சரிசெய்ய 18 மாதம் கொடுத்தது.

பீனிக்ஸ்காரி

கேட்பு என்றதும் நினைவு வந்தது. ஒரு கேட்புக்கு என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்து மைக் கிடைத்தது, பேசியது இரண்டு நிமிடம். மேடையில் ஓர் உறுப்பினர் போனைத் தடவிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த இன்னொருவர் மாமியார் சொன்னதை எழுதி, "அம்மா, மருந்து எந்தக் கிளினிக்கில் இல்லை என்றீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். எழுதியவர் பெயரில் ஒரு மசோதாவும் இல்லை. போனைத் தடவியவர் பெயரில் எதிர்க்கட்சிப் பத்திரிகைக் குறிப்புகள் வண்டி வண்டியாக.

அண்ணே, பூஜ்யத்திலும் இரண்டு வகை இருக்கிறது.

லெனேசியா தம்பி

அண்ணன் தேசிய மசோதாவையும் நோட்டில் ஏற்றுவதானால் ஒரு விஷயம். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். ‘ஏ’ என்றால் குழு முன்வைத்த திருத்தங்கள், ‘பி’ என்றால் திருத்தம் சேர்ந்த புது வடிவம். பி 29பி-2015 என்று ஒன்றைப் பார்த்தால் புது மசோதா என்று எண்ணிவிடாதீர்கள். இன்னொன்று, ஐந்து வருடப் பதவிக்காலம் முடிந்தால் நிறைவேறாத மசோதா காலாவதியாகும். புது அவை தீர்மானம் போட்டால் எழுந்து வரும். "செத்தது" என்று சிவப்பு மையில் அடிக்கும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூஜ்யம் பற்றி மட்டும் இன்னும் அண்ணன் பக்கம்தான் நிற்கிறேன். எழுதியவர் நல்லவர், சரி. நல்லவர் ஏன் ஒரு மசோதாகூட முயலக் கூடாது?

கணக்குப்பிள்ளை

அப்படிக் கேள் தம்பி.

நோட்டை மாற்றிவிட்டேன். இப்போது ஆறு கட்டம்: மசோதா, அது நிற்கும் கட்டம், அவர் எழுப்பிய கேள்வி, குழுவுக்கு வந்தாரா, கேட்புக்கு வந்தாரா, வந்து எழுதினாரா. கடைசிக் கட்டம் பீனிக்ஸ் அம்மாவின் மாமியாருக்காக.

ஆனால் மசோதா கேட்க விஷயம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நூலகம் மாகாணத்துடையது என்று நீங்களே சொன்னீர்கள். அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு தமிழ், இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது என்று பெயர் சொல்லி மதிப்பும் வளர்ச்சியும் தர வேண்டும் என்கிறது. எங்கள் பகுதி நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் ஒரு தட்டு, அதிலும் பாதி அட்டை கிழிந்தது. இதற்கு ஒரு மசோதா கொண்டுவரட்டுமே.

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்

அதற்கு மசோதா வேண்டாம் அண்ணே. புத்தகம் வாங்க நிதி ஒதுக்கினால் போதும். நிதிநிலை அறிக்கை வரும்போது எந்தத் துறையில் எவ்வளவு என்று ஓர் உறுப்பினர் எழுத்தில் கேள்வி கேட்டால் எம்.இ.சி. பதில் சொல்லியாக வேண்டும். பேனாவால் முடிகிற வேலைக்கு மண்வெட்டி கேட்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை

பேனா என்றால் பேனா. அந்தக் கேள்வியை அவர் கேட்கட்டும். நாம் எழுதிக்கொடுப்போம். தபாலில் போட மாட்டேன், மன்றம் கூடும் நாளில் அது இருக்கும் லங்கலிபலேலே தெருவுக்கு நேரில் வருகிறேன். என் வண்டியில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.

பீனிக்ஸ்காரி

ஒன்று எனக்கு, ஒன்று மாமியாருக்கு.

டோங்காட் கரும்பு

மூன்றாவது இடம் காலியாக இருந்தால் சொல்லுங்கள். தண்ணீரையும் ஒரு வரி சேர்ப்பீர்களா?

மாரிட்ஸ்பர்க் வாத்தியார்

தண்ணீர் நகராட்சி என்று இவருக்கு வண்டியில் யாராவது சொல்லுங்கள். எப்படியும் உள்ளாட்சித் துறை எம்.இ.சி. ஒருவர் இருக்கிறார், அவருக்குத் தனியாக ஒரு தாள் எழுதலாம். நூலகக் கேள்வியை நான் எழுதித் தருகிறேன், நீங்கள் எழுதினால் மூன்று பக்கம் போகும்.

கணக்குப்பிள்ளை

எழுதுங்கள். 1 என்று எண் போட்டு நோட்டில் ஏற்றிவிடுகிறேன்.