சிலிண்டர் மேல் வெறும் 20 என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

அஸ்தம்பட்டி டைவர்:
சேலத்தில் இருந்து பாண்டிச்சேரி போய் டெக்னிக்கல் டைவிங் (வெவ்வேறு வாயு நிரப்பின பல சிலிண்டரோடு கடலில் ஆழமாக இறங்குவது) பழகுகிற ஆறு பேர் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லா சிலிண்டரையும் என் வீட்டு மொட்டை மாடியில் நிறுத்தி ஸ்டிக்கர் ஒட்ட உட்கார்ந்தோம். சாயங்காலம் வரை வாக்குவாதம்தான் நடந்தது, ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

என் கட்சி இது. சிலிண்டரில் ஒரே ஒரு எண் போதும். ஆழம் கூடக் கூட அழுத்தம் ஏறி ஆக்சிஜனே ஆபத்தாகும்; எந்த ஆழத்துக்குக் கீழே அதைச் சுவாசிக்கக் கூடாதோ அந்த எண். மூன்று அங்குல உயரத்தில், படுக்கை வாட்டில், இரண்டு பக்கமும். நானும் படிக்க வேண்டும், பக்கத்தில் வருகிறவரும் படிக்க வேண்டும். வாயுவின் பெயர், நிறப் பட்டை எதுவும் வேண்டாம். ஆழத்தில் நைட்ரஜன் மயக்கத்தில் இருப்பவனுக்குத் தேவையான கேள்வி ஒன்றுதான்: இப்போது இருக்கிற ஆழத்தில் இதை வாயில் வைக்கலாமா?

சூரமங்கலம் வெல்டிங்:
நான் டைவர் இல்லை. ஆனால் 22 வருஷமாக கேஸ் சிலிண்டரோடு வாழ்கிறவன். எங்கள் பட்டறையில் ஆக்சிஜன் கறுப்பு, அசிட்டிலீன் மெரூன். அதற்கும் மேலே, அசிட்டிலீன் பக்கம் மரை இடது கை. ஆக்சிஜன் ரெகுலேட்டரை அதில் மாட்டப் பார்த்தாலும் ஏறாது. தூக்கக் கலக்கத்தில் வரும் பையன்கூடத் தப்பு செய்ய முடியாது. எழுத்தை நம்பாதீர்கள் தம்பி. எழுத்து அழியும், படிக்க மறந்துபோகும். நிறமும் மரையும் மறக்காது.

அஸ்தம்பட்டி டைவர்:
அண்ணா, பட்டறைக்கு அது சரி. எங்களுக்கு இரண்டுமே உதவாது. தண்ணீருக்குள் போகப் போக முதலில் சிவப்பு செத்துவிடும். உங்கள் மெரூன் அங்கே கறுப்பாகத்தான் தெரியும். அப்புறம், நிறம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஆக்சிஜன் என்றால் அமெரிக்காவில் பச்சை, ஐரோப்பாவில் தோள்பட்டை வெள்ளை, நம் ஆஸ்பத்திரியில் கறுப்பு உடம்பும் வெள்ளைக் கழுத்தும்.

மரை விஷயம் அதைவிட மோசம். எங்களிடம் இருக்கிற ரெகுலேட்டர் எல்லாம் ஒரே அளவு. எதை வேண்டுமானாலும் எதிலும் மாட்டலாம். ஒரே ஆளின் உடம்பில் மூன்று சிலிண்டர் தொங்கும், மூன்று மவுத்பீஸும் இருட்டில் ஒரே மாதிரி இருக்கும். தடுக்கிற சுவர் எதுவும் இல்லாததால்தான் அந்த எண் மேல் இவ்வளவு பிடிவாதம்.

மேட்டூர் அணைக்கரை:
எண் சரி. எந்த அளவில் எண்? அதைச் சொல்லவே இல்லையே நீங்கள்.

எங்கள் ஊரில் தண்ணீரை அடியில்தான் பேசுவோம். அணை நிரம்பினால் 120 அடி. இறங்கிவிட்டால் பண்ணவாடியில் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிற நந்தி சிலை தெரிகிறதா என்று கேட்போம். காலையில் பேப்பரைத் திறந்தால் நீர்மட்டம் அடியில்தான் இருக்கும். டைவிங் மட்டும் மீட்டரில் படித்தோம். அமெரிக்கப் புத்தகம் எடுத்தால் அது மறுபடி அடி.

சுத்த ஆக்சிஜனின் எல்லை 6 மீட்டர். அடியில் எழுதுகிறவர் 20 என்று எழுதுவார். நைட்ரக்ஸ் என்றால் ஆக்சிஜன் கூடுதலாகச் சேர்த்த காற்று; அதில் ஆக்சிஜன் 50 சதவீதம் என்றால் எல்லை 21 மீட்டர். 20, 21. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இது எனக்கே நடந்தது. பழைய அலுமினிய சிலிண்டர் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். விற்றவர் 'கொஞ்சம் கேஸ் இருக்கு, பயன்படுத்திக்குங்க' என்றார். மேலே பாதி உரிந்த ஸ்டிக்கரில் 20. மீட்டர் என்றே எடுத்துக்கொண்டு 50 சதவீதம் என்று முடிவு கட்டிவிட்டேன். பழக்கத்துக்காக ஆக்சிஜன் சதவீதம் காட்டுகிற அனலைசரை வைத்தேன். 50-ஐத் தாண்டியது. 70, 85. கடைசியில் 98-இல் நின்றது. அதை 20 மீட்டரில் வாயில் வைத்திருந்தால் ஆக்சிஜன் அழுத்தம் 3 பார். நாம் ஒத்துக்கொள்கிற உச்சவரம்பு 1.6. அதைத் தாண்டினால் வலிப்பு வரலாம், முன்னறிவிப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. மவுத்பீஸ் வாயிலிருந்து நழுவிவிடும், அவ்வளவுதான். மாடிப்படியில் உட்கார்ந்து அந்த 98-ஐ ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணுக்குப் பக்கத்தில் 'மீ' இல்லாத சிலிண்டரை நான் தொட மாட்டேன். வாயுவின் பெயரும் வேண்டும். 'ஆக்சிஜன்' என்ற சொல் அந்த ஸ்டிக்கரில் இருந்திருந்தால் எனக்கு அந்தக் குழப்பமே வந்திருக்காது.

அஸ்தம்பட்டி டைவர்:
'மீ' பற்றிச் சொன்னதற்கு நன்றி. இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒத்துக்கொள்கிறேன். '6 மீ' என்று எழுதினால் தலைகீழாகப் பார்த்து 9 என்று படிக்கிற ஆபத்தும் போகும்.

பெயரை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடைகளில் சிலிண்டரைச் சுற்றி மஞ்சள் பச்சைப் பட்டையில் 'நைட்ரக்ஸ்' என்று ஒட்டிக் கொடுக்கிறார்கள். 28 சதவீதமும் நைட்ரக்ஸ், 50 சதவீதமும் நைட்ரக்ஸ். பெயரைப் பார்த்ததும் மனசு 'தெரிஞ்சதுதானே' என்று அடுத்த வேலைக்குப் போய்விடும்.

ஏற்காடு நர்ஸ்:
நான் பொழுதுபோக்கு டைவர்தான், உங்கள் ஆழத்துக்கு வருவதில்லை. 2021-இல் கொரோனாவுக்காக இரும்பாலை வளாகத்தில் 500 படுக்கை போட்டபோது அங்கே டியூட்டி பார்த்தேன். பெயரா எண்ணா என்பதைவிட, அது என்றைக்கு எழுதினது என்பதுதான் எனக்குப் பயம். காலியான சிலிண்டரில் 'ஃபுல்' என்ற பழைய அட்டை தொங்கினால், அட்டையே இல்லாததைவிட அது மோசம்.

சமையல் சிலிண்டரில் A, B, C, D போட்டு வருஷம் இருக்குமே, அந்த மாதிரி உங்களுக்கு உண்டா?

மேட்டூர் அணைக்கரை:
அது இரும்பின் சோதனை அக்கா. A என்றால் ஜனவரி முதல் மார்ச், அந்தக் காலாண்டுக்குள் அடுத்த சோதனை. எங்கள் சிலிண்டரிலும் அழுத்தச் சோதனைத் தேதி குத்தியிருக்கும். உள்ளே இன்று என்ன வாயு என்று அது சொல்லாது. அதற்குக் கழுத்துப் பக்கம் தனி டேப்: சதவீதம், சோதித்த தேதி, சோதித்தவர் கையெழுத்து. சுவாசிக்கப் போகிறவரே சோதிக்க வேண்டும். காலியானதும் டேப்பைக் கிழித்துவிட வேண்டும். டேப் இல்லையா, உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது. வாயில் வைக்கக் கூடாது.

அஸ்தம்பட்டி, இதற்குப் பதில் சொல்லுங்கள். ஹீலியம் சேர்த்து 10 சதவீத ஆக்சிஜனோடு ஆழத்துக்கு ஒரு கலவை போடுகிறார்கள். உங்கள் முறைப்படி அதில் '130 மீ' என்று மட்டும் இருக்கும். படகில் உட்கார்ந்து ஒருவர் அதை வாயில் வைத்தால்? மேலே அந்த ஆக்சிஜன் போதாது, மயங்கி விழுவார். மேல் எல்லையை உங்கள் ஒற்றை எண் சொல்லவே இல்லை.

அஸ்தம்பட்டி டைவர்:
பதில் இல்லை. நாங்கள் அந்தக் கலவைக்கு இன்னும் போகவில்லை, அதனால் யோசிக்கவில்லை. அப்படிப்பட்ட சிலிண்டரில் இரண்டு எண் வேண்டும், சரி.

ஏற்காடு நர்ஸ்:
இன்னொன்று. ஏற்காடு 1500 மீட்டர் உயரம். இங்கே ஏரியில் இறங்கினால் அந்த 6 மாறுமா?

அஸ்தம்பட்டி டைவர்:
காற்றழுத்தம் அங்கே குறைவு. கணக்குப்படி ஒன்றரை மீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். ஸ்டிக்கரை மாற்ற வேண்டாம், 6 பாதுகாப்பான பக்கம்தான். மேலே ஏறும்போது நிற்கிற நேரக் கணக்கு மட்டும் மலையில் கடுமையாகும், அதற்குத் தனி அட்டவணை.

சூரமங்கலம் வெல்டிங்:
நிறம் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் தம்பி, ஒரே மாதிரி மூன்று மவுத்பீஸ் என்கிறீர்களே, ஆக்சிஜன் ஹோஸில் தடிமனான ரப்பர் வளையம் ஒன்று போடுங்கள். கைக்குத் தெரியும். என்னிடம் பழைய வளையம் நிறைய இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம்.

மேட்டூர் அணைக்கரை:
வளையம் இருந்தாலும் எண்ணைப் பார்த்து, ஹோஸை வால்வில் இருந்து வாய் வரை கையால் தடவிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவர் தலையாட்டிய பிறகுதான் மாற்றுவேன். பெயர் விஷயத்தில் நான் இறங்கி வரவில்லை. என் சிலிண்டரில் '6 மீ', அதற்குக் கீழே சின்னதாக 'ஆக்சிஜன்'.

அஸ்தம்பட்டி டைவர்:
உங்கள் சிலிண்டர், உங்கள் இஷ்டம். எங்கள் ஆறு பேருக்கும் '6 மீ', '21 மீ' மட்டும். அண்ணா, சனிக்கிழமை பட்டறை திறந்திருக்குமா?