நின்றபடியே படித்துவிட்டு வைத்துவிட்டுப் போனவர்

காலிக்கட்டம்:

நடந்து கொஞ்ச நாளாச்சு, இன்னும் மனசை விட்டுப் போகல. அதான் இங்க கொட்டுறேன்.

காமிக்ஸ் கண்காட்சி மேசை எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து மேசையில ஓவியர். கேட்டவங்களுக்கெல்லாம் வரைஞ்சு கொடுக்கிறார், கூட்டம் அலைமோதுது. இந்தப் பக்கம் நான், என் புத்தகம், 'எழுத்து' என்று போட்ட ஒரு அட்டை. எழுதுறவன் கூட்டத்துக்கு முன்னால என்னத்தச் செஞ்சு காட்டுறது? உட்கார்ந்து யோசிச்சுக் காட்டவா?

ஒருத்தர் வந்தார். 32 பக்கக் கறுப்பு வெள்ளைப் புத்தகத்தை எடுத்து அட்டையிலிருந்து படிக்க ஆரம்பிச்சார். நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கிட்டிருந்தேன். 19ஆம் பக்கத்துக் கடைசிக் கட்டத்துல கதவு பாதி திறந்திருக்கும். தாளைத் திருப்பினா 20இல் பக்கம் முழுக்க ஒரே படம்: வெறும் கூடம், தரையில சங்கிலி, நாய் இல்லை. வசனமும் இல்லை. அந்த அதிர்ச்சி தாளைத் திருப்புற கையில விழணும். எதிரெதிர் பக்கமா அமைஞ்சுட்டா கண்ணு முன்னாடியே பார்த்துத் தொலைச்சுடும். அதுக்காகவே முந்தின காட்சியில ஒரு பக்கத்தைத் தூக்கிட்டு, சங்கிலி இரட்டைப்படைப் பக்கத்துல வர்ற மாதிரி நகர்த்தியிருந்தோம்.

அவர் 20இல் நின்னார். 19க்குத் திரும்பிப் போனார். மறுபடி 20. அப்புறம் கடைசி வரைக்கும் படிச்சு, புத்தகத்தை அடுக்கு மேல ஓரம் பார்த்து வச்சுட்டு, "நாய் திரும்பி வருமாங்க?"ன்னார். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள "வேணாம், சொல்லாதீங்க"ன்னு போயிட்டார். வாங்கல.

ஓவியர் மாசக்கணக்கா உழைச்சதை அவர் முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகல. விற்பனைக் கணக்குல அவர் பூஜ்யம். ஆனா நான் பார்த்தவரை 20இலிருந்து 19க்குத் திரும்பினவர் அவர் ஒருத்தர்தான். வாங்கினவங்க பலரும் அட்டையைப் பார்த்துட்டுப் பையில போட்டாங்க. இவரை எந்தக் கணக்குல எழுதுறது? உங்களுக்கும் இப்படி யாராவது மாட்டியிருந்தா சொல்லுங்க.

நீள்கதைப்பிரியன்:

பத்து நிமிஷத்துல முடியுற புத்தகத்துக்கு யார் காசு கொடுப்பாங்க நண்பரே? வசனத்தைக் கூட்டுங்க. என் புத்தகத்துல பக்கத்துக்கு அஞ்சாறு விளக்கப் பெட்டி வச்சிருந்தேன். ஒரு வாசகர் தேடி வந்து "ராத்திரி ஆரம்பிச்சேன், விடியுற வரைக்கும் முடியல"ன்னார். அந்த முகம் இன்னும் கண்ணுல நிக்குது. ஓவியம் மட்டும் போதும்னா எழுத்தாளர் எதுக்கு?

மைதொட்டவள்:

பிரியன் அண்ணே, அவர் தூக்கம் வந்து நடுவுல நிறுத்தியிருக்க மாட்டார்னு எப்படித் தெரியும்?

நான் வரையுறவ. ஒரு எழுத்தாளர் முழு ஸ்கிரிப்டா அனுப்புவார். கதைச் சுருக்கம் மட்டும் கொடுத்து, ஓவியர் பக்கம் பிரிச்சு வரைஞ்ச பிறகு வசனம் எழுதுற முறையும் உண்டு. இவர் அப்படி இல்லை, கட்டத்துக்குக் கட்டம் எழுதிடுவார். அதுல ஒரு வரி: "படை மலையிலிருந்து இறங்குகிறது. ஆயிரம் குதிரைகள்." எழுத அரை நிமிஷம் ஆகியிருக்குமா? நான் அந்த ஒரு கட்டத்துல குடியிருந்தேன். குதிரையோட பின்னங்கால்ல முழங்கால் பின்னால மடங்குற மாதிரி தெரியுமே, அது முழங்காலே இல்லை, குதிகால். அது தெரியாம வரைஞ்சா குதிரை நாற்காலி மாதிரி நிக்கும். முன்வரிசையில பன்னிரண்டு குதிரை, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற காலடி, பின்னால போகப் போக வெறும் காது, பிடரி, புழுதி. என் வாழ்க்கையில நான் வரைஞ்சதுலயே நல்ல கட்டம் அதுதான்.

அச்சாகி வந்தப்போ முன்வரிசை மேல ஒரு பெட்டி. உள்ளே: "ஆயிரம் குதிரைகள் மலையிலிருந்து இறங்கின!"

ஏன் சார்னு கேட்டேன். "வாசகருக்குப் புரியணும்ல"ன்னார். கோபமாக்கூடச் சொல்லல, ரொம்பக் கனிவா சொன்னார். அந்தக் கனிவுதான் இன்னும் உறுத்துது.

இன்னொண்ணு. தமிழ் வசனத்துக்கு இடம் அதிகம் வேணும். 'பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்'னு ஒரு சொல் வந்தா அந்த ஒரு சொல்லே வசனம் எழுதுற பலூனோட அகலத்தைத் தீர்மானிச்சுடுது. கண்ட இடத்துல உடைச்சா வாசிக்கிறவர் தடுக்கி விழுவார். அதனால பென்சில் எடுக்குறதுக்கு முன்னாடியே வசனத்தைச் சின்னப் படிவத்துல எழுதிப் பார்த்துட்டுத்தான் ஆட்களை நிறுத்துறேன். முதல்ல பேசுறவர் இடது பக்கம். அதை மாத்தி நிக்க வச்சா பலூன் வால் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும்.

காலிக்கட்டம், நீங்க 20ஆம் பக்கத்துல எதுவும் எழுதாம விட்டதுக்கு உங்க ஓவியர் சார்பா நான் நன்றி சொல்லிக்கிறேன்.

ஈரமை:

எனக்கு ஆள் இல்லை, ஒரு பெட்டிதான் அனுபவம். அச்சகத்திலிருந்து வந்த முதல் பெட்டியைக் கத்தரியால பிரிச்சு, நடுவுல ஒரு புத்தகத்தை உருவினேன். நாயகன் அம்மாவைப் பார்க்குற காட்சி, புத்தகத்துலயே ஒரே ஒரு பெரிய பலூன். "போகாதே" இருக்க வேண்டிய இடத்துல கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவுல புள்ளி வட்டம். எங்க திரையில கச்சிதமா இருந்தது. அங்க வேற கணினியில, எழுத்துரு இல்லாம திறந்து சேமிச்சிருக்காங்க. மாதிரிப் பிரதி கேட்டதுக்கு, "திரையில பார்த்தாச்சே, அப்புறம் என்ன?"ன்னு பதில் வந்திருந்தது.

இப்போ வசனம் முழுக்க அவுட்லைனா, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமா மாத்தாம எந்தக் கோப்பும் வெளிய போகாது. எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும். நாலு மையும் கலந்த கறுப்புல போட்டா, அச்சுத் தகடு ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுத்தி நிழல் தட்டும்.

அந்தப் பிரதிகள் இன்னும் கட்டிலுக்கு அடியில இருக்கு. தூக்கிப் போட மனசு வரல.

தாள்வாசனை:

நான் எழுதுறவனும் இல்லை, வரையுறவனும் இல்லை. காலிக்கட்டம் சொன்னாரே, நின்னுக்கிட்டே படிக்கிற ஆள், அந்தச் சாதி நான். ஒரு மேசையில பாதிக் கதையில இருந்தேன். புத்தகத்தைக் கையிலிருந்து உருவிட்டு, "வாங்குறதா இருந்தா படிங்க"ன்னாங்க. சுத்தி நின்னவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. வாங்கத்தான் எடுத்தேன்னு சொல்ல நாக்கு எழல. கொலை செஞ்சது யார்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

டோக்கியோவுல 1975இல் 32 குழுக்களோட ஆரம்பிச்ச காமிக்கெட் இன்னிக்கு உலகத்துலயே பெரிய சுயவெளியீட்டுச் சந்தைகள்ல ஒண்ணு. அங்க மேசையில மாதிரிப் பிரதின்னு ஒண்ணைத் தனியா வச்சுடுவாங்க, கேட்டுட்டுப் புரட்டலாம். அதை யாரும் திருட்டா நினைக்கிறதில்லை.

பழையகட்டு:

நண்பர்களுக்கு வணக்கம். என் அனுபவம் சிறியது. இளவயதில் ஒரு வெளியீட்டாளரைச் சந்தித்தேன். "கதை நன்று. உரிமை மட்டும் எங்களிடம் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினார். நான் என் பேனாவைத் தேடுவதுபோல் சட்டைப் பையைத் தடவி, எழுந்து வந்துவிட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எழுதுபவர்களைப் பார்க்கும்போது சில விஷயங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் அந்தப் பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பிறகு பல ஆண்டுகள் வழக்காடினார்கள். ஆகவே தாளில் எழுதுங்கள். நண்பர்தானே என்று விட்டுவிடாதீர்கள். நண்பராக இருப்பதால்தான் எழுத வேண்டும். பாத்திரம் யாருக்கு, ஓவியத்தின் அசல் தாள் யாருக்கு, மறுபதிப்பில் யாருக்கு எவ்வளவு, ஒருவர் நடுவில் விலகினால் மற்றவர் தொடரலாமா? ஒரு பக்கம் போதும், வக்கீல் மொழி வேண்டாம்.

உரிமையைக் கையில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெஃப் ஸ்மித்தின் 'போன்' (Bone) காமிக்ஸ் ஒன்றே போதும். 1991இல் தாமே கறுப்பு வெள்ளையில் வெளியிடத் தொடங்கி, 2004இல் 55ஆவது இதழோடு முடித்தார். அதே கதை 1,300க்கும் மேற்பட்ட பக்கங்களில் ஒரே தொகுப்பாக வந்தது. 2005 முதல் வண்ணத்தில் பெரிய பதிப்பகம் ஒன்றின் வழியாகச் சிறுவர்களிடம் போனது. இதழ், தொகுப்பு, வண்ணம் என்று ஒரே உழைப்பு திரும்பத் திரும்பச் சோறு போட்டது. நிஞ்சா ஆமைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லெய்ர்டும் கைக்காசும் ஈஸ்ட்மனின் மாமாவிடம் வாங்கிய கடனுமாகச் சேர்த்து முதல் இதழை 3,000 பிரதி அடித்தார்கள். மீதி உங்களுக்கே தெரியும்.

அச்சுக்கு வருவோம். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் இருக்க முடியும். கதை 30 பக்கத்தில் முடிந்தால் மீதி இரண்டில் என்ன செய்வது என்று முன்பே யோசியுங்கள். விளம்பரம் போடாதீர்கள், ஓவியரின் பென்சில் படிவங்களைப் போடுங்கள். பசை ஒட்டும் தடித்த புத்தகம் என்றால் உள் ஓரத்தில் வசனம் வைக்காதீர்கள், முதுகு விழுங்கிவிடும். பிரதி குறைவென்றால் டிஜிட்டல் அச்சே சரி. ஆஃப்செட்டில் தகட்டுச் செலவு முதலிலேயே வந்துவிடுகிறது, எண்ணிக்கை கூடினால்தான் பிரதிக்கான செலவு இறங்கும். "இன்னும் ஆயிரம் போட்டால் மலிவு சார்" என்பார்கள். மலிவுதான், ஆனால் அந்த ஆயிரம் எங்கே உறங்கும்? (ஈரமை கட்டிலைக் காட்டிவிட்டார்.) விலை வைக்கும்போது கடைக்காரர் எடுத்துக்கொள்ளும் கழிவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அச்சுச் செலவோடு கொஞ்சம் சேர்த்து விலை வைப்பவர், புத்தகம் கடைக்குப் போன அன்றே நட்டப்படுகிறார்.

கடைசியாக, முந்நூறு பக்கக் காவியத்தோடு யாரும் தொடங்க வேண்டாம். காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்ளவுட் 1990இல் 24 மணி நேரத்தில் 24 பக்கம் என்றொரு சவாலை ஏற்படுத்தினார். அப்படி ஒன்றை முடித்துப் பாருங்கள். குப்பையாகத்தான் வரும், முடிந்த குப்பையாக வரும்.

பாதியில்நின்றவன்:

ஐயா, மரியாதையோட ஒண்ணு சொல்றேன். ஜெயிச்சவங்க கதையா அடுக்குறீங்க. ஆமைகளைப் பார்த்துட்டு எல்லாரும் கறுப்பு வெள்ளையில இறங்கினாங்களே, 1986, 87இல் என்ன ஆச்சு? முதல் இதழெல்லாம் விலை ஏறும்னு வாங்கிக் குவிச்சாங்க, சந்தை சரிஞ்சுது. கடைகள்ல தேங்கினது போக, நல்ல புத்தகம் போட்ட சின்ன ஆட்களும் அதோட போனாங்க. அவங்க பெயரை நீங்களும் சொல்லல, நானும் சொல்லல.

காகிதம் விஷயத்துக்கு வர்றேன். நானும் என் ஓவியரும் கையெழுத்தே போட்டிருந்தோம். பாதிப் புத்தகத்துல அவருக்கு விளையாட்டு நிறுவனம் ஒண்ணுல வேலை கிடைச்சுது. முதல்ல "இந்த வாரம்"னார், அப்புறம் கட்டைவிரல் அளவுல கிறுக்கின பக்க மாதிரி மட்டும் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. தப்பு சொல்ல மாட்டேன். மாசச் சம்பளத்துக்கு முன்னால என் 'லாபத்துல பாதி' எம்மாத்திரம்?

போன வருஷம் அவரோட படைப்புத் தொகுப்பைப் பார்த்தேன். என் கிழவி அதுல இருக்கா. ஒத்தைக் கண்ணு, இடுப்புல சாவிக்கொத்து. சாவிக்கொத்து நான் எழுதினது, கண்ணு அவர் கொண்டுவந்தது. கீழ 'சூனியக்காரி, மாதிரி வடிவமைப்பு'ன்னு போட்டிருந்தது. அவளுக்கு நான் வச்ச பெயர் அதுல இல்லை. உங்க ஒரு பக்கக் காகிதத்தை எடுத்துக்கிட்டு நான் எங்க போறது? அந்தக் கிழவி என்ன பேசுவான்னு எனக்குத்தான் தெரியும், எப்படி இருப்பான்னு அவருக்குத்தான் தெரியும்.

பழையகட்டு:

தம்பி, விலகினால் என்ன செய்வது என்ற வரி உங்கள் தாளில் இருந்ததா?

பாதியில்நின்றவன்:

இருந்தது ஐயா. 'வேறு ஓவியரை வைத்துத் தொடரலாம்'னு இருந்தது. ரெண்டு பேரை வரையச் சொல்லியும் பார்த்தேன். நல்லாத்தான் வரைஞ்சாங்க. யாரோ ஒரு கிழவி வந்து நின்னா.

காலிக்கட்டம்:

ஒரு கேள்வி கேட்டேன், ஊரே கூடிடுச்சு. பிரியன், வசனத்தைக் கூட்ட மாட்டேன், மன்னிச்சுக்கோங்க. தாள்வாசனை, மாதிரிப் பிரதி யோசனை பிடிச்சிருக்கு. அடுத்த கண்காட்சிக்கு மூலை மடங்கின பிரதி ஒண்ணைத் தனியா வைக்கப் போறேன். ஐயா, காகிதம் எழுதிட்டோம், ஓவியரும் நானும் சரிபாதி. ஆனா கழிவுக் கணக்கை நீங்க சொன்ன மாதிரி பின்னாலிருந்து போட்டுப் பார்த்தா, இப்போ வச்சிருக்கிற விலையில கடைக்குக் கொடுக்குறதும் சும்மா கொடுக்குறதும் ஒண்ணுதான். அதனால மேசையில மட்டும் விப்போம்.

அடுத்தது 16 பக்கம். ஓவியருக்குச் சுமை வேணாம்னு பார்த்துப் பார்த்து எழுதுறேன். படை கிடையாது, கூட்டம் கிடையாது. ஒரே ஒரு குதிரை, அதுவும் கதை முழுக்கப் படுத்துத்தான் இருக்கும்.

மைதொட்டவள்:

நிக்கிற குதிரையை விடப் படுத்த குதிரைதான் கஷ்டம். நாலு காலும் உடம்புக்கு அடியில எப்படி மடங்கும்னு உங்க ஓவியர்கிட்ட கேட்டுட்டு எழுதுங்க சகோ.